நெட்வொர்க் கேபிளில் கேட் 6 என்று போட்டிருந்தால் போதுமா?

கடலூர் முதுநகரில் ஒரு கடை. சிசிடிவி கேமரா பகலெல்லாம் நன்றாக ஓடும். இருட்டினால் அணைந்து அணைந்து வரும். கேமராவை மாற்றியும் சரியாகவில்லை, நெட்வொர்க் சுவிட்சை மாற்றியும் சரியாகவில்லை. கேபிள் முனையை வெட்டி, கம்பியை பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கம்பி அது. கடைகளில் சிசிஏ என்பார்கள். உறையில் என்னவோ கேட் 6 என்று, அதாவது கேபிளின் தர வகை, அச்சடித்துத்தான் இருந்தது.

இரவில் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும்போது மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படும். பிஓஇ முறையில் அந்த மின்சாரமும் டேட்டா போகும் அதே கம்பியில்தான் வருகிறது. சிசிஏ கம்பியில் மின்தடை செம்பைவிடப் பாதிக்கும் மேல் அதிகம். தூரம் கூடக் கூட வோல்டேஜ் இறங்கும், கம்பியும் சூடாகும். நெட்வொர்க் கேபிளுக்கான டிஐஏ (அமெரிக்கத் தொலைத்தொடர்புத் தொழில் சங்கம்) தரத்தில் சிசிஏவுக்கு இடமே இல்லை.

கேட் 5இ, நல்ல செம்பாக இருந்தால், 100 மீட்டர் வரை நொடிக்கு 1 ஜிகாபிட் வேகம் தரும். சாதாரணக் கடைக்கும் கிளினிக்குக்கும் அதுவே போதும். 10 ஜிகாபிட் வேண்டுமென்றால் கேட் 6 சுமார் 55 மீட்டர் வரைதான் தாங்கும், முழு 100 மீட்டருக்கும் கேட் 6ஏ வேண்டும். சிப்காட் பக்கம் பெரிய மோட்டார்கள் ஓடும் இடங்களுக்கு ஷீல்டு (உலோகக் கவசம்) உள்ள கேபிள் நல்லது. ஆனால் எர்த் கொடுக்காமல் விட்டால் அந்தக் காசு வீண்.

நம் ஊரில் உப்புக்காற்று வேறு. அலுமினியமும் செம்பும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு சீக்கிரம் பிடிக்கும். மொட்டை மாடியில் வீட்டுக்குள் போடும் பிவிசி கேபிளை இழுத்து விடுகிறார்கள். வெயிலில் உறை வெடித்து மழைத்தண்ணீர் உள்ளே போகிறது. தானே, ஃபெஞ்சல் புயல்களையெல்லாம் பார்த்த கரை இது. வெளியே போவதற்குக் கறுப்பு பாலிஎத்திலீன் உறை உள்ள கேபிளையே கேளுங்கள். கேபிளின் ஆர்ஜே45 பிளக் முனை வெட்டவெளியில் தொங்கக் கூடாது, நீர் புகாத பெட்டிக்குள் இருக்கட்டும்.

அப்புறம், பில்லில் ‘முழுச் செம்பு’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சுவருக்குள் பைப்பில் இழுப்பதற்கு முன்பே, பெட்டியை உங்கள் கண்முன் பிரித்து ஒரு முனையைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள்.