நெற்றியோரத்தில் குட்டையாக நிற்கும் மயிர்: குதிரைவாலும் கொண்டையும் கட்டுவோர் கவனத்துக்கு

"தலைமயிர் கொட்டுது" என்று சொல்லும் பெண்களில் கணிசமானோருக்கு மயிர் கொட்டுவதில்லை, முறிகிறது. இரண்டுக்கும் காரணம் வேறு. செய்ய வேண்டியதும் வேறு. எது நடக்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். தலை இழுத்த பிறகு சீப்பில் இருக்கிற மயிரில் ஐந்தாறை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். முழு நீளமாக, ஒரு நுனியில் சின்ன வெள்ளைக் குமிழோடு இருந்தால் அது வேரோடு உதிர்ந்த மயிர். ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை அப்படி உதிர்வது எல்லோருக்கும் உள்ளது. குமிழ் இல்லாமல், நீளம் குறைந்து, நுனி பிய்ந்து இருந்தால் அது முறிந்த மயிர். முறிந்த மயிருக்கு இரும்புச்சத்துக் குளிசை வாங்கிப் போட்டுப் பயனில்லை. எங்கே இழுபடுகிறது, எங்கே உரசுகிறது என்று தேட வேண்டும். பெரும்பாலும் அந்த இடம் றப்பர் பாண்ட் இருக்கிற இடமாகத்தான் இருக்கும்.

மயிரின் வெளிப்பக்கம் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நுண்ணிய செதில்களால் ஆனது. உள்ளே இருக்கிற கெரட்டின் நார்களைக் காப்பது இந்தச் செதில்கள்தான். தினமும் ஒரே இடத்தில் பாண்ட் உரசினால் முதலில் அந்த இடத்துச் செதில் கிளம்பும், பிறகு உதிரும், உள்நார் வெளியே தெரியும். அந்த இடத்தை உற்றுப் பார்த்தால் மயிரில் வெள்ளைப் புள்ளி மாதிரி ஒரு முடிச்சு தெரியலாம். பலர் அதைப் பொடுகு என்று தட்டிவிடுகிறார்கள். அடுத்த முறை சீப்புப் பட்டதும் மயிர் அந்தப் புள்ளியில்தான் முறிகிறது.

ஈரம் இதை இன்னும் மோசமாக்குகிறது. தண்ணீர் உள்ளே போனதும் கெரட்டின் இழைகளைப் பிடித்து வைத்திருக்கிற ஐதரசன் பிணைப்புகள் தளர்கின்றன. மயிர் ஊதி, காய்ந்திருக்கும்போது இழுபடுவதைவிட அதிகமாக இழுபடும். ஓரளவுக்கு மேல் இழுபட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. வன்னியில் பாடசாலைப் பிள்ளைகளின் தலையில் நாள்தோறும் நடப்பது இதுதான். விடிய ஐந்தரைக்குக் கிணற்றடியில் தோய்ந்து, ஆறு மணிக்கு ஈரத்தலையை வாரி இழுத்து, இரட்டைப் பின்னல் போட்டு, மடித்து, றிபன் கட்டி, ஏழரை மணிப் பாடசாலைக்கு அனுப்புகிறோம். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டாலும் பின்னேரம் ரியூசன் இருக்கிறது. இரவு படுக்கும்போதுதான் பின்னல் அவிழ்கிறது. சில வீடுகளில் அதுவும் இல்லை. பன்னிரண்டு மணித்தியாலம் ஈரமும் இழுப்பும் சேர்ந்து இருந்தால் எந்த மயிரும் தாங்காது. உள்ளே காயாத தலையில் கடியும் பொடுகும் வாடையும் வருவது தனி.

பாடசாலை நாளில் தோய வேண்டுமென்றால் முதல் நாள் பின்னேரம் தோயவையுங்கள். விடிய மேலுக்கு மட்டும் குளித்தால் போதும். பாடசாலை விட்டு வந்ததும் சட்டை மாற்றும்போதே பின்னலை அவிழ்த்துவிட்டு, ரியூசனுக்குத் தளர்ந்த ஒற்றைப் பின்னல் போட்டுவிடுங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே இழுபடுகிற நேரம் பாதியாகும். உச்சியையும் எப்போதும் ஒரே கோட்டில் பிரிக்காமல், கிழமைக்கு ஒரு தடவை ஒரு விரற்கடை தள்ளிப் பிரியுங்கள். நடு உச்சி அகன்று வெண்கோடாகத் தெரியத் தொடங்கிய பிள்ளைகளுக்கு இது கட்டாயம். றிபனைப் பின்னலின் அடியில் இறுக்காமல் மடிப்பில் கட்டுங்கள். பாடசாலை கேட்பது ஒழுங்கான பின்னலைத்தான். தோல் வெளுக்கும்வரை இழுத்த பின்னலை எந்த ஆசிரியரும் கேட்பதில்லை.

எவ்வளவு இறுக்கம் கூடாது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. கட்டி முடித்ததும் புருவத்தை உயர்த்துங்கள். நெற்றித்தோல் பின்னுக்கு இழுபடுகிற மாதிரி இருந்தால் கட்டு இறுக்கம். பாண்டுக்கும் தலைக்கும் நடுவில் சின்ன விரல் நுழைய வேண்டும். கட்டிய பிறகு நோ இருந்தால், தலையிடி வந்தால், அவிழ்த்ததும் "அப்பாடா" என்று இருந்தால், ஒவ்வொரு நாளும் அளவுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். "கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். நோ பழகிப் போனாலும் மயிர்க்கால் இழுபடுவது நிற்பதில்லை.

பாண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சோற்றுப் பார்சல் கட்டிவருகிற வெறும் றப்பர் பாண்டைத் தலைக்குப் போடாதீர்கள். அது மயிரோடு ஒட்டிப் பிடிக்கும். கழற்றும்போது செதிலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். நடுவில் உலோகப் பொருத்து உள்ள இலாஸ்டிக்கும் அப்படித்தான், மயிர் அந்தப் பொருத்துக்குள் சிக்கி அறுபடும். அகலமான, துணி சுற்றிய பாண்டே நல்லது. கடையில் வாங்கத் தேவையில்லை. பழைய பட்டுச் சேலை அல்லது சற்றின் துண்டில் 50 சென்ரிமீற்றர் நீளம், 10 சென்ரிமீற்றர் அகலம் வெட்டுங்கள். நல்ல பக்கம் உள்ளே இருக்க நீளவாக்கில் மடித்துத் தைத்து, குழாயாகப் புரட்டி எடுங்கள். 20 சென்ரிமீற்றர் இலாஸ்டிக்கை ஊக்கில் கோர்த்து உள்ளே ஓட்டி, இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டு, வாயைத் தைத்து மூடுங்கள். ஒரு சேலை முந்தானையில் வீட்டிலுள்ள எல்லோருக்கும் தைத்துவிடலாம். இலாஸ்டிக் தொய்ந்ததும் மாற்றிவிடுங்கள். தொய்ந்த பாண்டைப் பிடிக்கவைக்க நாலு ஐந்து சுற்றுச் சுற்றுவோம், கடைசிச் சுற்றில்தான் மயிர் அறுபடும்.

குதிரைவால் கட்டும்போது முதலில் நுனியிலிருந்து சிக்கெடுத்து, படிப்படியாக மேலே வாருங்கள். வேரிலிருந்து ஒரே இழுவையாக இழுத்தால் எல்லாச் சிக்கும் நுனியில் ஒரு முடிச்சாகச் சேர்ந்து அங்கேயே முறியும். சேர்த்துப் பிடிக்கிறபோது சீப்பை வைத்துவிட்டு விரலால் சேருங்கள், தலை மேல் அங்கங்கே சின்ன மேடு இருந்தால் இருக்கட்டும். பிடரிக்குச் சற்று மேலே, இரண்டு அல்லது மூன்று சுற்றோடு நிறுத்துங்கள். பிறகு பலரும் யோசிக்காமல் செய்கிற ஒன்று இருக்கிறது: வாலை இரண்டாகப் பிரித்து இரு கையாலும் விரித்து இழுத்துப் பாண்டை மேலே ஏற்றுவது. கட்டு உடனே இறுகும். ஆனால் அந்த ஒரு இழுப்பில் அடியிலுள்ள மயிர்கள் பாண்டின் விளிம்பில் அரைபடுகின்றன. குதிரைவாலின் அடியைச் சுற்றிப் பூனைமயிர் மாதிரிக் குட்டை மயிர் நிற்பவர்கள் இந்தப் பழக்கத்தை முதலில் விடுங்கள்.

கழற்றும்போதும் பாண்டைப் பிடித்துக் கீழே இழுக்காமல், சுற்றிய வழியே அவிழுங்கள். சிக்கிக்கொண்டால் இரண்டு துளி தேங்காய் எண்ணெய் விட்டு உருட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் பாண்டைக் கத்தரியுங்கள்.

கொண்டையில் கேடு செய்வது முறுக்கும் ஊசியும். மயிரைக் கயிறு போல் முறுகி மடங்கும்வரை திருகி, அதைச் சுற்றிக் கொண்டை போட்டால் ஒவ்வொரு வளைவிலும் செதில் வெடிக்கும். தளர்ந்த பின்னல் போட்டு அதைச் சுற்றிக் கொண்டையாக்குவது நல்லது. குறைந்த ஊசியில் நிற்கும். கறுப்புக் கிளிப்புகளைவிட வளைந்த கொண்டை ஊசி மயிரை நெருக்காது. நாலு பக்கமும் ஒவ்வொன்று போதும். கொண்டையின் விளிம்பில் கொஞ்சம் பிடித்து, தலையோடு ஒட்டிய மயிரிலும் கொஞ்சம் பிடித்து, ஊசியைத் திருப்பிக் கொண்டையின் நடுவை நோக்கிச் செருகினால் அசையாது. கிளிப்பின் நுனியில் இருக்கிற பிளாஸ்ரிக் குமிழ் போய்விட்டால் அந்தக் கிளிப்பை எறியுங்கள், அந்தக் கூர் மயிரையும் தோலையும் கிழிக்கும். கொண்டையோடு படுக்காதீர்கள்.

பரதநாட்டியம் ஆடும் பிள்ளைகளுக்கும் சாமத்திய வீட்டுக்கும் கலியாணத்துக்கும் சவுரி வைத்து, சடைநாகம் கட்டி, மாலை சுற்றுகிறோம். ஒரு நாள் அலங்காரத்தால் பெரிய கேடு வராது. பாரத்தை எங்கே தொங்கவிடுகிறோம் என்பதுதான் முக்கியம். சவுரியைக் காதோரத்து மெல்லிய மயிரில் கிளிப் பண்ணாமல், பின்னந்தலையில் போட்ட பின்னலோடு சேர்த்துப் பின்னுங்கள். தண்ணீர் தெளித்த மல்லிகைச் சரம் பாரம். அதைக் கொண்டையைச் சுற்றிக் கட்டுங்கள், உச்சந்தலையில் ஊசியால் தொங்கவிடாதீர்கள். நிகழ்வு முடிந்த அன்றிரவே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அடுத்த இரண்டு மூன்று நாள் தலையைத் தளர விடுங்கள். ரசாயனம் போட்டு மயிரை நேராக்கியவர்கள் இறுக்கக் கட்டு எதையும் போட வேண்டாம். அந்த ரசாயனம் மயிரின் உள் பிணைப்புகளை உடைத்துத்தான் நேராக்குகிறது. அதன் மேல் இழுப்பும் சேர்ந்தால் மயிர் இன்னும் எளிதில் முறியும்.

வன்னியின் தண்ணீரையும் காற்றையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் கிணறுகளிலும் குழாய்க் கிணறுகளிலும் பல இடங்களில் தண்ணீர் கடினம். கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கிற அதே கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து, அலசினாலும் போகாத பிசுக்காக மயிரில் படிகிறது. மயிர் சொரசொரத்து, சிக்குப் பிடித்து, வாரும்போது முறிகிறது. தலைக்குச் சவர்க்காரம் போடுவதை நிறுத்தி ஷாம்பு பாவியுங்கள். கடைசியாக ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தேசிப்புளி கலந்து ஊற்றி, பிறகு நல்ல தண்ணீரால் அலசுங்கள். புளி தோலில் இருக்க வெயிலில் போனால் தோல் பொசுங்கும், அதனால் அலசாமல் விடக்கூடாது. மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் கடைசி அலசலுக்கு அதைவிட நல்லது இல்லை. துவாயால் கசக்கித் துடைக்காமல் ஒற்றி எடுங்கள்.

சோளகம் வீசுகிற மாதங்களில் அவிழ்த்த மயிரோ வாலோ காற்றில் அடிபட்டு முடிச்சுப் போடும். ஸ்கூட்டியில் ஏ9 வீதியால் வேலைக்குப் போகிறவர்கள் பின்னலைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டுக்குள் உயர்ந்த கொண்டையோ குதிரைவாலோ வேண்டாம். ஹெல்மெட்டும் சரியாக அமராது, ஒவ்வொரு குழியிலும் மயிர் அரைபடும். உள்ளே வழுவழுப்பான ஒரு துணியைக் கட்டிக்கொள்ளலாம். ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுக்கத் தொப்பி போடுகிறவர்களுக்கும் தாழ்ந்த கொண்டைதான் பொருந்தும், சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை தளர்த்திக் கட்டினால் இன்னும் நல்லது.

எண்ணெய் வைத்தால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிறோம். தேங்காய் எண்ணெய்க்கு உண்மையிலேயே ஒரு குணம் உண்டு. மயிருக்குள் ஊறி, தோயும்போது புரதம் கழன்று போவதைக் குறைக்கும் என்று 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிய எண்ணெய்க்கும் அந்தக் குணம் இருக்கவில்லை. இடுப்பளவு மயிருக்கு இரண்டு தேக்கரண்டி போதும், தோய்வதற்கு அரை மணித்தியாலம் முன்னர், நடுவிலிருந்து நுனிவரை பூசுங்கள். இறுக்கிக் கட்டுவதால் வருகிற முறிவை எண்ணெய் நிறுத்தாது.

முறிவைக் கவனிக்காமல் விட்டால் அடுத்தது மயிர்க்காலே கெடுவது. கிறீன்லாந்தில் இறுக்கிக் கட்டும் பெண்களின் நெற்றியோரம் வழுக்கையாவதை 1907இலேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். முதலில் மயிரின் அடியில் சின்னப் பருக்கள், சில நேரம் சீழோடு வரும். பிறகு நெற்றியோரமும் காதோரமும் ஐதாகும். முன்விளிம்பில் மட்டும் மெல்லிய மயிர் ஒரு வரிசையாக நிற்க, அதற்குப் பின்னால் வெறுமையாகத் தெரிவது இந்த நோயின் அடையாளம். இந்த நிலையில் கட்டைத் தளர்த்தினால் சில மாதங்களில் திரும்பி முளைக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும், ஆகையால் ஒரு மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, தோல் வழுவழுத்து, மயிர்த் துளையே தெரியாமல் போனால் பிறகு அங்கே மயிர் முளைக்காது.

பிள்ளையின் தலையில் வெள்ளையாகக் கண்டதும் பேன் மருந்து பூசுகிற தாய்மாருக்கு ஒன்று. இறுக்கிப் பின்னும் தலையில், மயிரைச் சுற்றிக் குழல் போல வெள்ளைச் சவ்வு உருவாகும். இரு நகத்தால் பிடித்து இழுத்துப் பாருங்கள். மயிர் வழியே வழுக்கிக்கொண்டு வந்தால் அது சவ்வு. பின்னலைத் தளர்த்தினால் போதும். ஒட்டிப் பிடித்து அசையாமல் நின்றால்தான் ஈர்.

வட்டமாக ஒரு இடம் வழுவழுவென்று வெறுமையானால் அது புழுவெட்டாக இருக்கலாம். பிள்ளையின் தலையில் செதிலோடு, மயிர் அடியோடு முறிந்த திட்டு இருந்தால் பங்கசுத் தொற்றாக இருக்கலாம். பிள்ளை பெற்று இரண்டு மூன்று மாதத்தில் கைநிறையக் குமிழோடு உதிர்வதும் வேறு விடயம். கட்டைத் தளர்த்தி மூன்று மாதமாகியும் நெற்றியோரம் மாறாவிட்டாலும், சீழ்ப் பரு வந்தாலும், திட்டுத் தெரிந்தாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். போகிற அன்று எண்ணெய் வைக்காமல், முதல் நாள் தோய்ந்து, தலையைத் தளர விட்டுக்கொண்டு போங்கள். எண்ணெய்த் தலையில் செதிலும் மயிர்த் துளையும் சரியாகத் தெரியாது. நாள்தோறும் போடுகிற பாண்டையும் கிளிப்பையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு வருடத்துக்கு முந்திய, நெற்றி தெரிகிற படம் ஒன்று கைத்தொலைபேசியில் இருந்தால் அதையும் காட்டுங்கள்.