கோணல் குடுக்கையும் சுருதி சேரும்

பாலஃபோன் என்பது வரிசையாக அடுக்கிய மரக்கட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் இசைக்கருவி. அதன் மரக்கட்டை ஒன்றை மட்டும் தனியே எடுத்துத் தட்டினால் சன்னமாக 'டொக்' என்று ஒலித்து அடங்கிவிடும். அதே கட்டையைச் சட்டத்தில் அதற்குரிய சுரைக்குடுக்கையின் மேல் பொருத்தித் தட்டினால் முற்றம் முழுவதும் கேட்கும். குடுக்கைக்குள் இருப்பதோ வெறும் காற்று.

பாலஃபோன் மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டே மக்களுடைய கருவி. மாலி, கினி, புர்கினா ஃபாசோ நாடுகளில் இன்றும் உயிர்ப்போடு இருக்கிறது. கினியின் நியகாசோலா கிராமத்தில் காக்கப்படும் 'சோசோ பாலா' என்ற பழம்பெரும் பாலஃபோனின் பண்பாட்டு மரபை 2001-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

தனிக் கட்டை ஏன் மெலிதாக ஒலிக்கிறது? அது மேலெழும்பும்போது மேல்புறக் காற்று நெருக்கப்படுகிறது. அதே நொடியில் கீழ்ப்புறக் காற்று தளர்கிறது. விளிம்பைச் சுற்றி இரண்டும் கலந்து, ஒன்றை ஒன்று பெரும்பாலும் அழித்துவிடுகின்றன. இங்கேதான் குடுக்கை உதவிக்கு வருகிறது. அதன் வாயருகே உள்ள காற்று ஒரு சிறு எடைபோலவும், உள்ளே அடைபட்ட காற்று சுருள்வில் போலவும் நடந்துகொள்கின்றன. இந்த எடை முன்னும் பின்னும் ஆடுவதற்கென ஓர் இயல்பான வேகம் உண்டு. காலி பாட்டிலின் வாயில் ஊதும்போது எழும் ஒலியும் இதுதான். கட்டையின் அதிர்வெண்ணும் குடுக்கையின் அதிர்வெண்ணும் பொருந்திவிட்டால் ஒத்ததிர்வு பிறக்கிறது. மெல்லிய ஒலி வலுவாக வெளியேறுகிறது.

குடுக்கை புதிதாக எந்த ஆற்றலையும் சேர்ப்பதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கோல் கொடுத்த ஆற்றல் மட்டுமே கட்டையின் கைமுதல். மெதுவாகச் செலவாகியிருக்கக்கூடிய அதை, குடுக்கை விரைவாக ஒலியாக மாற்றிவிடுகிறது. அதனால் ஒலி பெரிதாகிறது, சீக்கிரம் அடங்கியும் விடுகிறது. சுரத்தை நீட்ட விரும்பினால் கோல் மீண்டும் மீண்டும் விழ வேண்டும்.

குடுக்கையின் பக்கவாட்டில் சிறு துளையிட்டு, சிலந்தியின் முட்டைப்பையிலிருந்து எடுத்த மெல்லிய படலத்தை அதன்மேல் ஒட்டுவது பழைய வழக்கம். இப்போது மெல்லிய தாளோ பிளாஸ்டிக்கோ அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. உள்ளே அழுத்தம் ஏறி இறங்கும்போது படலம் படபடத்து, கட்டையில் இல்லாத உயர் அதிர்வெண்களை உண்டாக்குகிறது. முதல்முறை கேட்பவர்கள் இந்த 'ஸ்ஸ்' என்ற ரீங்காரத்தைப் பழுது என்று நினைப்பதுண்டு. எனக்கு இதுதான் இந்தக் கருவியின் உச்சம். நம் காது மிகக் கூர்மையாக இருப்பது சுமார் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. தாழ்ந்த சுரங்கள்கூட ரீங்காரத்தின் துணையால் திறந்தவெளிக் கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டி எட்டுகின்றன.

காய்ந்த சுரை ஓடு இலேசானது, விறைப்பானது. ஆகவே உள்ளே இருக்கும் காற்று சுவரை அசைப்பதில் ஆற்றலை அதிகம் வீணாக்குவதில்லை. ஆனால் ஒரு கொடியில் காய்க்கும் சுரைகள் ஒன்றுபோல் இருப்பதில்லையே. ஒன்று உருண்டை, ஒன்று கோணல். இவற்றை எப்படிச் சுருதி சேர்ப்பது? 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உள்ளீடற்ற கோளங்களைக் கொண்டு ஆராய்ந்த விதி இங்கே கைகொடுக்கிறது. இத்தகைய கூட்டின் சுருதி பெரும்பாலும் அதன் கொள்ளளவையும் வாயின் அளவையும் சார்ந்தது. உருவம் அவ்வளவாகப் பொருட்டல்ல. கொள்ளளவு கூடினால் சுருதி தாழும், வாய் அகன்றால் உயரும். அதனால்தான் தாழ்ந்த சுரக் கட்டைக்குப் பெரிய குடுக்கை. கருவி செய்பவர் வாயைச் சிறிதாக வெட்டித் தொடங்கி, கட்டையோடு ஒலி இழையும் வரை கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தலாம். கோணல் குடுக்கையும் அப்படித்தான் சட்டத்தில் தனக்குரிய இடத்துக்குப் போய்ச் சேர்கிறது.