கினேசியோஃபோபியா: தமிழில் 'அசைவு அச்சம்'

முதுகெலும்பு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரின் சீட்டில், பிசியோதெரபிஸ்ட் சில சமயம் இந்தச் சொல்லை எழுதிப் பக்கத்தில் ஓர் எண்ணும் போட்டிருப்பார். வீட்டார் அதைப் படித்துவிட்டு, புதிதாக இன்னொரு நோய் வந்துவிட்டதோ என்று கலங்குவார்கள். உண்மையில் அசைந்தால் வலிக்கும், வலித்தால் உள்ளே ஏதோ கெட்டுவிடும் என்று எண்ணி உடம்பை அசைக்கவே அஞ்சும் நிலைக்குத்தான் இந்தப் பெயர். சாதாரணத் தயக்கத்தை இப்படிச் சொல்வதில்லை. மறுபடி அடிபட்டுவிடும் என்ற நினைப்பு தேவைக்கு மீறி வளர்ந்து, அன்றாட வாழ்க்கையையே முடக்கும்போதுதான் இந்தச் சொல் பொருந்தும்.

அமெரிக்காவில் கோரி, மில்லர், டாட் என்ற மூவர், நாள்பட்ட வலி பற்றி 1990இல் எழுதிய கட்டுரையில் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். சொல்லின் இரண்டு பாதிகளும் கிரேக்கம். 'கினேசிஸ்' என்றால் அசைவு. நாம் தினமும் சொல்லும் 'சினிமா'வுக்கும் இதே வேர்தான். பிரான்சில் பிசியோதெரபிஸ்டை 'கினே' என்று சுருக்கி அழைப்பார்கள். அங்கே இருந்துவிட்டு வந்த புதுச்சேரிக்காரர்களுக்கு அது பழகிய சொல். 'ஃபோபோஸ்' இன்று அச்சத்தைக் குறித்தாலும், மிகப் பழைய கிரேக்கத்தில் அது அஞ்சி ஓடுவதைக் குறித்தது. அந்தப் பழைய பொருள்தான் இங்கே மிகவும் பொருந்துகிறது என்பேன். மனதில் இருக்கும் பயத்தைவிட, அதற்குப் பயந்து நோயாளி எதையெல்லாம் செய்யாமல் விடுகிறார் என்பதுதான் அவரைப் படுக்கையில் தள்ளுகிறது.

தமிழில் உடனே தோன்றுவது 'இயக்க அச்சம்'. ஆனால் 'இயக்கம்' என்றதும் கட்சியும் போராட்டமும் திரைப்படமும் நினைவுக்கு வந்துவிடும். 'அசைவு' உடம்போடு நிற்கும் சொல். 'ஃபோபியா'வுக்கு 'மருட்சி' என்றும் 'வெருட்சி' என்றும் எழுதுவோர் உண்டு. பழைய இலக்கணம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் மருட்கை என்பது வியப்பு. அச்சம் தனியாக நிற்கிறது. நீர்வெறுப்பு என்பதுபோல 'வெறுப்பு' போட்டாலும் பொருள் மாறிவிடும், இவர்கள் நடப்பதை வெறுக்கவில்லை, நடக்க ஏங்குகிறார்கள். ஆகவே 'அசைவு அச்சம்' என்பதே என் தேர்வு. இரண்டு சொல்லாகப் பிரித்தே எழுத வேண்டும். சேர்த்து 'அசைவச்சம்' என்று எழுதினால், வாசிப்பவர் கண்ணில் முதலில் 'அசைவம்' படும்.

நோயாளிகள் இதைச் சொல்லும் விதம் வேறு. "குனிஞ்சா ஸ்க்ரூ கழண்டுக்கும்ல தம்பி?" என்று, முதுகெலும்பில் ஆபரேஷன் செய்து ஸ்க்ரூ வைத்திருந்த, பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் அம்மா ஒருவர் கேட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்ப மாட்டார், காலை நகர்த்தி முழு உடம்போடு திரும்புவார். நாற்காலியிலிருந்து எழும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். டவல் கீழே விழுந்தால் பேத்தி வரும்வரை அது அங்கேயே கிடக்கும். காயம் ஆறியிருந்தது, எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவும் ராடும் வைத்த இடத்தில் இருந்தன, காலில் பலமும் குறையவில்லை.

இதை அளக்க டாம்பா அளவுகோல் என்ற வினாத்தாளைப் பயன்படுத்துகிறார்கள். ஃபுளோரிடாவின் டாம்பா நகரப் பெயர் அது. 17 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 'சிறிதும் ஏற்கவில்லை' என்பதிலிருந்து 'முழுமையாக ஏற்கிறேன்' வரை நான்கு படிகள், படிக்கு ஏற்ப 1 முதல் 4 வரை மதிப்பெண், நடுவே நழுவ இடமில்லை. மொத்தம் 17 முதல் 68 வரை வரும். 37க்கு மேல் போனால் அச்சம் அதிகம் என்று கொள்வது வழக்கம். 11 கூற்றுகள் கொண்ட சுருக்க வடிவமும் உண்டு.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 4, 8, 12, 16 ஆகிய நான்கு கூற்றுகளை ஏற்பது பயமின்மையைக் காட்டும் என்பதால், அவற்றுக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாகப் போட வேண்டும். நம் பக்கத்துப் பெரியவர்கள் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்பார்கள். 17க்கும் 'ஏற்கிறேன்' என்று மட்டும் சொன்னால் 47 வரும். 'முழுமையாக ஏற்கிறேன்' என்றால் 56. பயமே இல்லாத ஒருவர், வெறும் பணிவினாலேயே வரம்பைத் தாண்டிவிடுவார். தாளைக் கையில் கொடுத்துவிட்டு நகராமல், ஒவ்வொரு கூற்றையும் வாசித்துக் காட்டி, "எதனால அப்படிச் சொல்றீங்க?" என்று கேட்பது அவசியம்.

வினாத்தாளில் வரும் 'உடற்பயிற்சி' என்ற சொல்லும் தொல்லை தருகிறது. உடற்பயிற்சி செய்தால் காயம் பட்டுவிடுமோ என்று கேட்டால், முந்திரிக்கொட்டையோடு காலமெல்லாம் தரையில் உட்கார்ந்தவர் என்ன பதில் சொல்வார்? அவர் பயப்படுவது குடம் தூக்க, குந்தி உட்கார, மகனின் பைக்கில் பின்னால் ஏறி வேகத்தடையைக் கடக்க. வேலையையும் வீட்டையும் தொடாத மொழிபெயர்ப்பு, எண்ணைத் தந்துவிட்டு ஆளை விட்டுவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம், அந்த 37 என்ற எல்லை நாள்பட்ட முதுகுவலிக்காரர்களைப் பார்த்து வைத்தது. புதிதாக ஆபரேஷன் ஆனவர்களைப் பார்த்து வைத்ததன்று. முதல் சில வாரங்கள் குனியாதீர்கள், இடுப்பைத் திருகாதீர்கள், பாரம் தூக்காதீர்கள் என்று சர்ஜன் சொல்லியனுப்புகிறார். அதைக் கேட்டு நடப்பவரின் மதிப்பெண் ஏறத்தான் செய்யும். அது எச்சரிக்கை, அச்சமன்று. தடை நீங்கிய பிறகும் அதே உறைந்த நிலை தொடர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரத்தில் அசைவு அச்சம் அதிகமாக இருந்தவர்களுக்கு ஆறாவது மாதத்தில் வலியும் முடக்கமும் அதிகமாக இருந்ததை 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அசையாவிட்டால் தசை மெலியும், மூட்டு இறுகும், அதனால் அடுத்த அசைவு இன்னும் வலிக்கும்; பயந்தது சரிதான் என்று நோயாளிக்குத் தோன்றிவிடும்.

எல்லாப் பயத்தையும் இந்தப் பெயரில் அடைத்துவிடவும் கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது, கால் புதிதாகத் தளர்வது, பாதம் தொங்குவது, காய்ச்சலோடு காயத்தில் நீர் வடிவது, இவற்றில் எது வந்தாலும் வினாத்தாளை ஓரம் வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நெதர்லாந்தில் அன்றாட வேலைகளின் படங்களைக் காட்டி, எது முதுகுக்கு எவ்வளவு ஆபத்து என்று நோயாளியையே வரிசைப்படுத்தச் சொல்லும் முறை ஒன்று உண்டு. நம் ஊருக்கு அதைச் செய்தால் குடம், அரிவாள்மணை, மீன்கூடை, கரும்புக்கட்டு, பஸ் படிக்கட்டு ஆகியவற்றைப் படமெடுக்க வேண்டும். அதுவரை சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் எந்த அசைவுக்கு அச்சம் என்பதையும் எழுதலாம்: 'படி ஏற அச்சமில்லை, தரையில் உட்கார அச்சம்.' மறுநாள் பயிற்சியை எங்கே தொடங்குவது என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்: முதலில் உயரமான மணை, பிறகு தாழ்ந்த மணை, அதன் பிறகே தரை.