ஒரு நிமிட வீடியோவை நம்பிக் கலைஞரை அழைக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பிறந்தநாள் விழா. மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை நாற்பது குழந்தைகள் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் என் வழக்கமான இடத்தில், ஒலியைக் கட்டுப்படுத்துகிற மிக்சருக்குப் பின்னால். ஐந்தரைக்கு வரவேண்டிய மேஜிக் கலைஞர் ஆறேகாலுக்கு வந்தார். மைக்கை ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம் சார், அப்படியே போயிடலாம்" என்றார்.

பாட்டெல்லாம் அவருடைய செல்போனில் இருந்தது. ஷோ நடுவில் யாரோ கூப்பிட, ரிங்டோன் இரண்டு ஸ்பீக்கரிலும் அலறியது. அதைக்கூட விட்டுவிடலாம். பத்தாவது நிமிடத்தில் குழந்தைகள் எழுந்து ஓட ஆரம்பித்ததும், அவர்களைப் பிடித்து வைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி பலூனை உடைப்பது. ஒன்று, இரண்டு, ஏழெட்டு. கிழிந்த துண்டுகள் எல்லாம் பிள்ளைகள் மடியிலும் தரையிலும். முன்வரிசையில் இருந்ததிலேயே சின்னவன் ஒரு நீலத் துண்டை எடுத்தான். இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தான். அப்புறம் வாயில் வைத்து உறிஞ்ச ஆரம்பித்தான். நான் மிக்சரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் அவன் பாட்டி பார்த்துவிட்டார். ஒரு முனை உதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் பிடித்து இழுத்துவிட்டார். உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கை நடுங்குகிறது. பலூன் துண்டு தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டால் அப்படியே மூடி போட்ட மாதிரி ஆகிவிடும். 8 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு ஊதாத பலூனும் உடைந்த பலூனும் ஆபத்து என்று அமெரிக்காவில் பலூன் பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும். அது அங்கே சட்டம். குழந்தைகளுக்கு ஷோ பண்ணுவதே தொழில் என்று சொல்லிக்கொள்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாமா?

எல்லாம் முடிந்தபிறகு பிறந்தநாள் குழந்தையின் அப்பா என்னிடம் வந்தார். முகம் வாடிப்போயிருந்தது. "வீடியோவில் நல்லாத்தானே அண்ணே பண்ணியிருந்தார்?" என்றார்.

22 வருடமாக மேடைக்கு ஒலி அமைக்கிறேன். இந்தக் கேள்வியை இப்போது விழாவுக்கு விழா கேட்கிறேன். அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

நண்பர்களே, அந்த ஒரு நிமிட வீடியோ என்பது நிகழ்ச்சி இல்லை. அது விளம்பரம். ஐம்பது ஷோக்களில் இருந்து பொறுக்கியெடுத்த நாற்பது நொடிச் சிரிப்பை ஒட்டி, அதன்மேல் ஒரு துள்ளல் இசையைப் போட்டால் யார் வேண்டுமானாலும் பிரமாதமாகத் தெரிவார்கள். நீங்கள் கேட்கிற கைதட்டல் அந்த அரங்கில் விழுந்ததாகவே இருக்க வேண்டியதில்லை; எடிட் பண்ணும்போது சேர்த்திருக்கலாம். கேமரா கலைஞரின் முகத்தைக் காட்டும்போது பார்வையாளர்கள் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்களா, பாதி நாற்காலி காலியா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் அவரை அழைப்பது நாற்பது நொடிக்கு இல்லையே, நாற்பது நிமிடத்துக்கு. ஒரு வித்தைக்கும் அடுத்த வித்தைக்கும் நடுவில் இருக்கிற அந்த அரை நிமிடத்தில் என்ன பேசுகிறார், ஒரு குழந்தை அழுதால் என்ன செய்கிறார், ஜோக் எடுபடாமல் போனால் எப்படிச் சமாளிக்கிறார் என்பதில்தான் தொழில் இருக்கிறது. வெட்டி எறிந்ததெல்லாம் அதுதான்.

"லட்சக்கணக்கில் பின்தொடர்கிறார்களே" என்பார்கள். சரி, தொடரட்டும். செல்போன் முன்னால் நின்று பேசுவது ஒரு திறமை. பிடிக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். முந்நூறு பேர் முன்னால் நின்று, அவர்கள் சிரித்து முடிக்கிறவரை காத்திருந்து, அடுத்த வரியை விடுவது முற்றிலும் வேறு திறமை. இரண்டும் இருப்பவர்கள் உண்டு. முதலாவது இருக்கிறது என்பதற்காக இரண்டாவதும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீடியோவில் வெளுத்து வாங்குகிற ஒரு பலகுரல் கலைஞர், என் மேடையில் மைக் பிடித்த பன்னிரண்டாவது நிமிடத்தில் சரக்கு தீர்ந்துபோய் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவர் மீது எனக்குக் கோபமில்லை, பரிதாபம்தான். அவரை ஒரு மணி நேரத்துக்கு அழைத்தவர்கள் மேல்தான் வருத்தம்.

அப்படியானால் என்ன பார்ப்பது? வெட்டாத பத்து நிமிடம் கேளுங்கள். அரங்கின் பின்பக்கம் இருந்து, ஒரே கேமராவில், அங்கே கேட்ட சத்தத்தோடே எடுத்தது. உண்மையாகத் தொழில் செய்கிறவரிடம் ஒன்றாவது இருக்கும், இல்லையென்றால் அடுத்த ஷோவில் எடுத்து அனுப்புவார். அதைப் பார்க்கும்போது மேடையைப் பார்க்காதீர்கள். முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களின் தலைகளைப் பாருங்கள். தலை குனிந்திருக்கிறதா, பக்கத்து ஆளோடு பேசுகிறதா, நிமிர்ந்திருக்கிறதா. எனக்கு ஒரு ஷோ எப்படிப் போகிறது என்று தெரிவது அந்தப் பின்னந்தலைகளை வைத்துத்தான்.

அடுத்தது, அவரை அண்மையில் அழைத்த இரண்டு பேரிடம் பேசுங்கள். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் நல்லா இருந்தது என்றுதான் சொல்வார்கள், தாங்களே அழைத்த ஆளை யார் விட்டுக்கொடுப்பார்கள்? எத்தனை மணிக்கு வந்தார், சொன்ன நேரத்துக்கு முடித்தாரா, மைக்கோ கரண்டோ போனபோது என்ன செய்தார், உங்கள் கூட்டத்தில் எத்தனை வயதுக்காரர்கள் இருந்தார்கள் என்று கேளுங்கள். நாலு கேள்விக்குள் ஆளின் தரம் தெரிந்துவிடும்.

இன்னொரு அடையாளம் சொல்கிறேன், இது ஏமாற்றியதே இல்லை. நல்ல கலைஞர் தொகை சொல்வதற்கு முன்னால் உங்களைத்தான் கேள்வி கேட்பார். எத்தனை பேர், என்ன வயது, உட்கார்ந்திருப்பார்களா நின்றிருப்பார்களா, மேடை எவ்வளவு உயரம், முதுகுக்குப் பின்னால் யாராவது நிற்பார்களா, எனக்கு முன்னால் என்ன நிகழ்ச்சி. மேஜிக் கலைஞருக்கு முதுகுப்பக்கம் ஆள் நின்றால் பாதி வித்தை காட்ட முடியாது. சீட்டு, நாணயம் வைத்துக் கைக்குள் காட்டுகிற வித்தை பத்துப் பதினைந்து பேர் சுற்றி நிற்கும்போது அற்புதமாக இருக்கும். ஐந்நூறு பேர் அரங்கில் மூன்றாவது வரிசைக்குமேல் ஒன்றும் தெரியாது. பேசும் பொம்மை நிகழ்ச்சியில் பொம்மையின் வாயும் கலைஞரின் அசையாத உதடும் தெரிந்தால்தான் ஆச்சரியமே வரும். இதையெல்லாம் கேட்காமல் "எங்க வேணா பண்ணுவேன், என்ன வேணா பண்ணுவேன்" என்கிறவரிடம் கொஞ்சம் யோசியுங்கள்.

கேள்விகளுக்கு நீங்களும் உண்மையான பதில் சொல்ல வேண்டும். "குழந்தைகள் நிகழ்ச்சி" என்று சொல்லி வரவழைத்துவிட்டு, அங்கே நாலு குழந்தையும் இருநூறு பெரியவர்களும் இருந்தால் பாவம் அவர் என்ன செய்வார்? சாப்பாட்டை ஆரம்பித்துவிட்டு மேடையில் ஷோ வைப்பதையும் தயவுசெய்து விடுங்கள். பந்திக்கு ஓடுகிற கூட்டத்தை யாராலும் பிடித்து வைக்க முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேரம் தாராளம். அதற்குமேல் இழுப்பது அவர்களுக்கும் தொல்லை, கலைஞருக்கும் தொல்லை.

எழுதி வாங்குங்கள். பெரிய பத்திரமெல்லாம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். மேடையேறப்போவது யார் என்று பெயரோடு. அவருக்கு வரமுடியாமல் போனால் வேறு ஆளை அனுப்பலாமா, உங்கள் சம்மதம் வேண்டுமா. எத்தனை நிமிடம், எத்தனை மணிக்கு வந்து சேர வேண்டும், மைக் ஸ்பீக்கர் யார் பொறுப்பு, யார் ரத்து செய்தால் அட்வான்ஸ் என்ன ஆகும். ஏஜென்ட் மூலம் போனால் இரண்டு மடங்கு கவனம். வீடியோவில் ஒருவரைக் காட்டி இன்னொருவரை அனுப்புவது எங்கள் வட்டாரத்தில் சர்வசாதாரணம். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அவ்வளவுதான்.

என் தொழிலைப் பற்றியும் கொஞ்சம். மைக் சரியில்லை என்று கடைசியில் பழி விழுவது எங்கள்மேல். கலைஞர் ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றால் மைக் ஊளையிடத்தான் செய்யும். இரண்டு கையும் வேலை செய்கிற கலைஞருக்குக் கையில் பிடிக்கிற மைக்கைக் கொடுத்தால் அவர் எதைப் பிடிப்பார்? அரை மணி நேரம் முன்னதாக வந்து சவுண்ட் செக் பண்ணினால் இதெல்லாம் கூட்டம் வருவதற்குமுன் தீர்ந்துவிடும். நேரம் குறிக்கும்போதே அந்த அரை மணியையும் சேர்த்துக் குறியுங்கள்.

"சத்தம் பத்தலை, ஏத்துங்க" என்று கலைஞர்கள் கேட்பார்கள், விழா நடத்துகிறவர்களும் கேட்பார்கள். ஸ்பீக்கர் வாயிலேயே குழந்தைகளை உட்கார வைத்துக்கொண்டு கேட்பார்கள். தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிற கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். அப்படியே போனால் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். அதுவும் பெரியவர்களுக்குப் போட்ட கணக்கு. பிள்ளைகளை ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி உட்கார வையுங்கள். நான் சத்தத்தைக் குறைத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக நெருப்பு. இதில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மூடிய அரங்குக்குள் தீப்பொறி, மத்தாப்பு, வாயிலிருந்து நெருப்பு ஊதுவது எதற்கும் சம்மதிக்காதீர்கள், எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் இசைக்குழு கொளுத்திய மத்தாப்பு, சத்தத்தை அடக்கச் சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பற்றியது. 100 பேர் செத்துப்போனார்கள். பத்து வருடம் கழித்து, 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலின் சாந்தா மரியாவில் அதே கதை: இசைக்குழு கொளுத்திய வாணம், கூரையில் நுரைப்பஞ்சு, 242 உயிர்கள். இரண்டு இடத்திலும் மேடையேறியவர்கள் கூட்டத்தைச் சந்தோஷப்படுத்த வந்தவர்கள்தான். அரங்க நிர்வாகத்தின் அனுமதியும் தீயணைப்புத் துறையின் அனுமதியும் எழுத்தில் இல்லாமல் ஒரு பொறிகூட வேண்டாம். வெளியே போகிற கதவு எதுவும் பூட்டியிருக்கக் கூடாது. விழா தொடங்குமுன் நீங்களே போய் ஒவ்வொன்றையும் தள்ளிப் பாருங்கள்.

நேற்று அந்தப் பிறந்தநாள் குழந்தையின் அப்பா மறுபடி போன் செய்தார். அவருடைய அலுவலகத்தில் குடும்ப விழாவாம், இந்தமுறை என்னைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வாராம். எனக்குத் தெரிந்த ஒரு பேசும் பொம்மைக் கலைஞரிடம் வெட்டாத வீடியோ கேட்டேன். பன்னிரண்டு நிமிடம் அனுப்பினார். ஏழாவது நிமிடத்தில் பொம்மையின் தாடை சிக்கிக்கொண்டு அசைய மறுக்கிறது. அந்தம்மா பதறவில்லை. பொம்மையின் வாயைத் தன் காதோடு வைத்துக்கொண்டு, "என்னது? பல் வலிக்குதா?" என்று கேட்கிறார். முன்வரிசைப் பெண் குழந்தை ஒருத்தி எழுந்து வந்து பொம்மையின் கன்னத்தைத் தடவிக் கொடுக்கிறாள். தலைகள் எல்லாம் நிமிர்ந்திருக்கின்றன. அதற்குள் அந்தம்மாவின் விரல்கள் உள்ளே சிக்கலை எடுத்துவிட்டன. பொம்மை அந்தக் குழந்தைக்கு நன்றி சொல்கிறது. வீடியோவை அப்படியே அவருக்கு அனுப்பி, இவரைக் கூப்பிடுங்கள் என்று சொன்னேன்.