கூரையில் முட்டும் குட்டிக் காடை

ராத்திரி விளக்கை அணைக்க எழுந்திருக்கிறீர்கள். கையின் நிழல் கூண்டின் மேல் விழுகிறது. ‘டப்!’ என்று ஒரு சத்தம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு பறவை கூரையில் மண்டையை இடித்துக்கொண்டு கீழே விழுந்து, ஒன்றுமே நடக்காதது போல மூலையில் போய் நிற்கிறது. பட்டன் காடை வளர்க்கும் எல்லோருக்கும் இந்த ‘டப்’ பழகிய சத்தம்தான். பல நாள் ஒன்றும் ஆகாது. ஒரு நாள் தலைத்தோல் கிழிந்திருக்கும். இன்னொரு நாள் கழுத்து முறிந்து கிடக்கும். என் முதல் ஜோடியில் பெட்டை போனது இப்படித்தான். கிளி வளர்த்த பழைய கூண்டு சும்மாதானே கிடக்கிறது என்று அதில் விட்டிருந்தேன். காடையைச் சின்னக் கிளியாக நினைத்ததுதான் நான் செய்த தப்பு.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். பறவை வளர்ப்பவர்கள் ‘பட்டன் காடை’ என்று சொல்வது நீலமார்புக் காடையை. 1766இல் ஸ்வீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் பெயர் சூட்டிய இனம். இன்றைய அறிவியல் பெயர் சினோய்கஸ் சைனென்சிஸ். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை புல்வெளிகளில் வாழ்கிறது. கோழி, மயில், கௌதாரியெல்லாம் இதன் சொந்தக்காரர்கள். ஆனால் பறவையியலார் அதே பெயரில் அழைப்பது டர்னிக்ஸ் என்ற வேறொரு கூட்டத்தை. பார்க்கக் காடை மாதிரியே இருக்கும். பரம்பரையோ கடற்காகம், உள்ளான் பக்கம். அங்கே பெட்டைதான் பெரியது, பகட்டானது, அடைகாப்பது சேவல். சந்தேகம் வந்தால் காலைப் பாருங்கள். பின்விரல் இருந்தால் நம் காடை. மூன்றே விரல் என்றால் டர்னிக்ஸ்.

இனி அந்த ‘டப்’புக்கு வருவோம். காட்டில் இந்தப் பறவை நாள் முழுக்கப் புல்லுக்கடியில் நடந்தே திரியும். ஆபத்து வந்தால் முதலில் அசையாமல் உறையும், அல்லது ஓடும். காலடி மிக அருகே வந்துவிட்டால் மட்டும் செங்குத்தாக வெடித்துக் கிளம்பி, கொஞ்ச தூரம் போய் மறுபடி புல்லுக்குள் விழுந்து மறையும். இந்த வெடிப்பைத்தான் கிரஹாம் ஆஸ்க்யூவும் ரிச்சர்ட் மார்ஷும் 2001இல் வெளியான ஆய்வில் அளந்தார்கள். எடுத்துக்கொண்டது இதே நீலமார்புக் காடையை. கிளம்பும்போது நொடிக்கு சுமார் 23 முறை சிறகடிக்கிறது. அந்த வேகத்தில் மார்புத் தசை தரும் ஆற்றல் ஒரு கிலோ தசைக்கு ஏறக்குறைய 350 வாட். திரும்பத் திரும்பச் சுருங்கி விரியும் தசை எதிலும் அதுவரை இவ்வளவு அளந்ததில்லை. சூட்சுமம் நேரப் பங்கீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு சிறகடிப்பிலும் பாதி நேரம் சுருங்குவது, பாதி நேரம் நீள்வது என்று பிரிக்காமல், 70 சதவீத நேரத்தைச் சுருங்கவே ஒதுக்குகிறது இந்தத் தசை. வேலை நடப்பது சுருங்கும்போதுதானே.

இதற்கு விலையும் உண்டு. தசைக்குள் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தை, ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனுக்குக் காத்திராமல் அவசரமாக எரித்துத்தான் இப்படிக் கிளம்ப முடிகிறது. சில நொடிகளில் சரக்கு தீர்ந்துவிடும். அதனால் இது வானத்தில் திரியும் பறவை ஆகவில்லை.

கூண்டின் உயரத்தைப் பற்றிய பழைய விதி இங்கிருந்துதான் வருகிறது. முடுக்கிவிட்ட எதுவும் போகும் தூரத்துக்கேற்ப வேகம் ஏற்றும். கூரை 30 செ.மீ. உயரத்தில் இருந்தால் காடைக்கு வேகம் பிடிக்க இடமில்லை. முட்டினாலும் அடி லேசு. இரண்டு மீட்டருக்கு மேல் இருந்தால் கூரையைத் தொடுவதற்கு முன்பே திசை திருப்பிச் சாய்ந்துவிட வாய்ப்பிருக்கிறது. ஆபத்து இரண்டுக்கும் நடுவில், அதாவது கிளிக்கூண்டு உயரத்தில். எந்த உயரமானாலும் கம்பிக்குக் கீழே துணியையோ மெல்லிய வலையையோ தளர்வாகக் கட்டிவிடுங்கள். பக்கச் சுவர்களில் கீழ்ப்பாதியை மறைத்து, உள்ளே ஒளிய நாலு புதர் வைத்தால் முட்டல் குறையும். ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்த காடை ஏன் பறக்கப் போகிறது? உள்ளே பரண் தேவையில்லை, யாரும் ஏறி உட்கார மாட்டார்கள். தரை அகலம் வேண்டும். கம்பித் தரை வேண்டாம், பாதம் புண்ணாகும். ஒரு தட்டில் உலர்ந்த மணல் வையுங்கள். அதில் படுத்துப் புரண்டு, காலால் வாரி இறைத்து, இறகின் அதிக எண்ணெயைத் தானே உதிர்த்துக்கொள்ளும்.

அடுத்த விஷயம் முட்டை. ஒரு முட்டை சுமார் 5 கிராம். பறவையே 45 கிராம் சொச்சம்தான். 55 கிலோ ஆள் தினமும் ஆறு கிலோவைப் பெற்றெடுப்பது போன்ற கணக்கு இது. பெட்டையை இந்தப் பாட்டுக்கு இழுத்துவிடுவது வெளிச்சம். பகல் நீளம் 13, 14 மணி நேரத்தைத் தொட்டால் ‘இது குஞ்சு பொரிக்கும் காலம்’ என்று உடம்பு முடிவு கட்டிவிடும். அந்த வெளிச்சத்தைக் கண்ணால்தான் பார்க்கிறது என்று நினைப்போம். 1930களிலேயே பிரான்சின் ஜாக் பெனுவா, கண் இல்லாத வாத்துகளும் நீண்ட பகலுக்கு இனப்பெருக்க உறுப்புகளை வளர்த்துக்கொள்வதைக் காட்டினார். மண்டையோட்டைத் துளைத்து உள்ளே போகும் வெளிச்சத்தை மூளையே உணர்கிறது. அப்படி உணரும் நிறமிகளில் ஒன்று ஆப்சின் 5. காடையின் மூளை ஆழத்தில் அது இருப்பதை 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

வீட்டில் என்ன நடக்கிறது? நாம் பதினொரு மணி வரை டிவி பார்க்கிறோம், கூண்டு கூடத்திலேயே இருக்கிறது. காடைக்கு வருஷம் முழுக்கக் கோடைகாலம். பெட்டை நிறுத்தாமல் இட்டுக்கொண்டே போகும். ஓட்டுக்கு வேண்டிய கால்சியத்தில் ஒரு பங்கை எலும்பின் உட்குழியில் இதற்கென்றே வளர்த்த தனி எலும்பிலிருந்து எடுக்கிறது. தீவனம் அதை ஈடுகட்டாவிட்டால் எலும்பு தேயும், ஓடு மெலியும், கடைசியில் முட்டையை வெளித்தள்ளத் தசைக்கே கால்சியம் போதாமல் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பறவை உடம்பை உப்பிக்கொண்டு, கண்ணை மூடி, வாலை ஆட்டி முக்கிக்கொண்டிருந்தால் அதுதான். தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். கணவாய் ஓட்டைப் பொடித்தோ கிளிஞ்சல் தூளையோ தனிக் கிண்ணத்தில் எப்போதும் வைத்திருங்கள். சாயங்காலமே கூண்டின் மேல் கனமான துணியைப் போர்த்தி, வருஷத்தில் சில மாதமாவது பகலைப் பத்து மணி நேரத்துக்குள் குறைத்துவிடுங்கள். மருந்தை விட இது எத்தனையோ மேல்.

முட்டை பொரியும் கதை இதைவிடச் சுவையானது. பெட்டை நாளுக்கு ஒன்றாக இட்டுச் சேர்த்து, கடைசி முட்டைக்குப் பிறகுதான் அடை உட்காரும். அதுவரை கரு தூங்குகிறது. தாய்க்குப் பதில் சூடு தரும் பெட்டியான இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸ், 16 அல்லது 17 நாள். நாளுக்குச் சில தடவை திருப்பிவிட வேண்டும். ஒரே பக்கம் கிடந்தால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். கடைசி மூன்று நாள் திருப்பக் கூடாது. ஈரப்பதத்தை மட்டும் கூட்ட வேண்டும், இல்லையென்றால் சவ்வு காய்ந்து குஞ்சைச் சுற்றித் தோல் மாதிரி இறுகிவிடும்.

இந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரு முட்டையைக் காதருகே வைத்துப் பாருங்கள். கைக்கடிகாரத்தின் ‘டிக் டிக்’ போல ஒன்று கேட்கும். குஞ்சு முட்டைக்குள் இருக்கும் காற்றறையைத் துளைத்து நுரையீரலால் மூச்சு விடத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு மூச்சோடும் ஒரு சொடுக்கு. 1960களில் மார்கரெட் வின்ஸ் என்ற ஆய்வாளர் வட அமெரிக்காவின் பாப்ஒயிட் காடை, ஜப்பானியக் காடை முட்டைகளில் இதை ஆராய்ந்தார். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த முட்டைகள் சேர்ந்தாற்போல் பொரிந்தன. தள்ளித் தள்ளி வைத்தவை ஆளுக்கொரு நேரத்தில் பொரிந்தன. ஒரு நாள் பிந்தி அடை வைத்த முட்டை கூட, பக்கத்து முட்டைகளின் சொடுக்கைக் கேட்டு வேகம் எடுத்து அவற்றை எட்டிப் பிடித்தது. குஞ்சே வேண்டாம், செயற்கையாகச் சொடுக்கு ஒலி தந்தாலும் அதே விளைவு. ஓட்டைத் தாண்டி ‘கிளம்பலாமா?’ என்று கேட்டுக்கொள்வது போல இருக்கிறது.

கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். குஞ்சுகள் காய்ந்ததும் தாய் கூட்டை விட்டுக் கிளம்பிவிடும். பிந்திய குஞ்சுக்காக யாரும் திரும்பி வர மாட்டார்கள்.

அதனால் கடைசி நாட்களில் முட்டைகளை ஒன்றோடொன்று தொடும்படி வையுங்கள். மூடியைத் திறக்காதீர்கள். குஞ்சு ஓட்டில் முதல் பொத்தல் போட்டுவிட்டு மணிக்கணக்கில் சும்மா இருக்கும். பார்க்கிற நமக்குக் கை பரபரக்கும். உள்ளே அது மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஓட்டின் உட்புற ரத்தக் குழாய்கள் வற்றிக்கொண்டிருக்கின்றன. உதவுகிறேன் என்று ஓட்டை உரித்தால் ரத்தம்தான் வரும். இழுத்துக்கொண்ட அந்த மஞ்சள் கரு ஒரு நாள் சாப்பாடு. பொரிந்த பிறகும் உடம்பு காய்ந்து பஞ்சாகும் வரை குஞ்சு இன்குபேட்டரிலேயே இருக்கட்டும், பட்டினி கிடக்காது.

வெளியே வருவது வண்டு அளவுப் பஞ்சு உருண்டை. மூன்று நான்கு கிராம். ஓடும், கொத்தும், நெல்மணி அகல இடுக்கு கிடைத்தால் நுழையப் பார்க்கும். தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள மட்டும் தெரியாது. காரணம் வெறும் வடிவக் கணிதம். எடை பன்னிரண்டில் ஒரு பங்கானாலும் தோலின் பரப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. கணக்குப் போட்டால், தாயோடு ஒப்பிட ஒரு கிராமுக்கு இரண்டு மடங்குக்கு மேல் தோல் குஞ்சுக்கு இருக்கிறது. அவ்வளவு வழியாகவும் சூடு கசிகிறது. குஞ்சுகளை விளக்குச் சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டியான ப்ரூடரில் முதல் வாரம் 36 டிகிரி அளவு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டரை விடக் குஞ்சுகளே நல்ல அளவுகோல். விளக்கடியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி முண்டினால் குளிர். மூலைகளுக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு. ஆகவே விளக்கை ஒரு பக்கமாக வையுங்கள், போக்கிடம் இருக்கட்டும்.

தண்ணீர்தான் எமன். பாட்டில் மூடி ஆழத் தண்ணீரில் ஒரு குஞ்சு மூழ்கிச் சாகும், நம்புங்கள். தட்டை நிறையக் கோலிக்குண்டு போட்டு இடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்க விடுங்கள். தரையில் வழுவழுப்பான காகிதம் கூடாது; கால் இருபக்கமும் வழுக்கி, எலும்பு இறுகும் அந்த நாட்களிலேயே அகன்று நின்றுவிடும். பழைய துண்டு போதும். புரதம் 24 சதவீதத்துக்குக் குறையாத ஸ்டார்ட்டர் தீவனத்தை மிக்ஸியில் மாவாக அரைத்துத் தூவுங்கள். கோழிக்குஞ்சுக்கான குருணை இந்த அலகுக்குள் போகாது. விரல் நுனியால் தட்டித் தட்டிக் காட்டினால் ஓடி வந்து கொத்தும். தாய் அப்படித்தான் காட்டும்.

நாலாவது வாரம் இறகு மூடிவிடும். எட்டாவது வாரத்தில் முட்டையிடும் வயது. சேவலுக்கு மார்பில் நீலச்சாம்பல் ஏறி, தொண்டையில் கறுப்பு வெள்ளைப் பட்டை தெரிந்ததும் ஜோடி ஜோடியாகப் பிரித்துவிடுங்கள். இரண்டு சேவல் ஒரு கூண்டில் இருந்தால் ரத்தம் பார்க்காமல் ஓயாது. சில பெட்டைகள் பிடிக்காத சேவலின் முதுகை மொட்டையடிக்கும்; அதற்குச் சமாதானம் பேசிப் பயனில்லை, ஆளை மாற்ற வேண்டும்.

ஒத்துப்போன ஜோடிக்கு ஒரே ஒரு புழுவைப் போட்டுப் பாருங்கள். சேவல் ஓடிவந்து அலகில் எடுக்கும், ஆனால் விழுங்காது. தலையைத் தாழ்த்தி, மெல்லிய குரலில் ‘கிர்ர் கிர்ர்’ என்று கூப்பிட்டபடி அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும். பெட்டை புதரிலிருந்து நிதானமாக வந்து அதன் வாயிலிருந்து வாங்கித் தின்னும்.