ஜோக் சொல்லித் தப்பிக்கிறவன்

தனிமையை ஜோக் சொல்லி மறைக்கிற ஒருவனைப் பற்றிச் சிறுகதை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாமாக் கடை, அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. நள்ளிரவு தாண்டிவிட்டது. "வீட்டுக்குப் போகலையா அண்ணே?" என்று உங்கள் சிறுகதை நாயகனிடம் ஒரு தம்பி கேட்கிறான். "போய் என்ன செய்ய? டேபிள் ஃபேன்கிட்ட எதைக் கேட்டாலும் இல்ல, இல்லன்னு தலையாட்டுதுலா." எல்லாரும் சிரிக்கிறார்கள். கேள்வி அதோடு காணாமல் போகிறது.

இந்த வித்தை ஏன் இவ்வளவு சுலபமாகப் பலிக்கிறது? ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அன்றாடப் பேச்சுகளைக் கவனித்தார். பெரும்பாலான சிரிப்புக்கு முன்னால் ஜோக் என்று சொல்லத்தக்க எதுவுமே இல்லை. தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் நாம் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம். கேட்பவரைவிடப் பேசுபவர்தான் அதிகம் சிரிக்கிறார். 'நாம ஒண்ணு' என்று அறிவிக்கிற ஒலி அது. சேர்ந்து சிரித்தபின் வலி தாங்கும் அளவு கூடுவதை பிரிட்டிஷ் உளவியலாளர் ராபின் டன்பாரின் குழு 2011-இல் காட்டியது. மூளையில் எண்டார்ஃபின் என்ற வலி தணிக்கும் பொருள் சுரப்பதே காரணம் என்பது அவர்கள் கருத்து. ஆக, நம்ம ஆளுக்குக் கிடைக்கிற ஆறுதல் பொய்யில்லை.

சிக்கல் வேறு இடத்தில். தனிமை நீடித்தால் மூளை, புறக்கணிப்பின் அறிகுறிகளைத் தேடிக்கொண்டே இருக்கும் என்றார் தனிமையை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் கசியோப்போ. யார் முகம் சுளித்தார், யார் மணி பார்த்தார் என்று காவல் காக்கிற மனத்துக்குச் சிரிப்புச் சத்தம் உடனடி நிம்மதி. ஆனால் நெருக்கம் வளர, ஒருவர் உள்ளதைச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைக் காதில் வாங்க வேண்டும். ஜோக் சொன்னவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். உள்ளது உள்ளேயே இருக்கும்.

கனடா உளவியலாளர் ராட் மார்ட்டினின் குழு 2003-இல் நகைச்சுவையை நான்கு பாணிகளாகப் பிரித்தது. அதில் தன்னையே மட்டம் தட்டிச் சிரிக்க வைக்கும் பாணி, மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்து காணப்பட்டது. எது எதற்குக் காரணம் என்பது வேறு கேள்வி.

'உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை' என்று எழுதக் கை பரபரக்கும். கண்ணைச் சுற்றியுள்ள தசை நம் சொல்லுக்குக் கட்டுப்படாது என்று பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862-இல் எழுதினார். ஆனால் பலர் அதையும் நடித்துவிடுவார்கள் என்று பின்னால் தெரிந்தது. வரியும் தேய்ந்துபோன வரி. அதற்குப் பதில், ஜோக் வருகிற நேரத்தைக் கவனியுங்கள். ரோடு ஜாம், பந்து விளையாட்டு என்றால் அவன் சாதாரணமாகப் பேசட்டும். அவனைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஜோக் முந்திக்கொண்டு வரட்டும். அப்புறம், அதே கேள்வியை மறுபடி கேட்கிற ஒருவரைக் கதைக்குள் கொண்டுவாருங்கள்.