ஆம்ப்ளிஃபையரின் முதுகில் ஒரு ப்ளக் பாயின்ட்

1970களில் அமெரிக்கச் சந்தைக்காக ஜப்பானில் செய்த ஸ்டீரியோ ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த பெட்டி) ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பயனியரோ சான்சூயியோ கென்வுட்டோ, பெரும்பாலும் பின்பக்கத்தில் தட்டைக் கால் ப்ளக் செருகும் சாக்கெட்டுகள் இரண்டு மூன்று இருக்கும். ஒன்றின் மேல் 'ஸ்விட்ச்டு', இன்னொன்றின் மேல் 'அன்ஸ்விட்ச்டு' என்று அச்சடித்து, அருகில் 100 வாட், 200 வாட் என்று ஓர் எண்ணும் போட்டிருப்பார்கள். பழைய செட் வாங்குகிறவர்கள் பலர் இந்த எண்ணைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ரிசீவர் தன்னுடைய திறனில் 100 வாட்டைப் பிரித்துக் கொடுக்கிறது, அதனால் பாட்டின் சத்தம் குறையும் என்று நினைக்கிறார்கள். ரிசீவர் தன்னிடமிருந்து எதையும் கொடுப்பதில்லை.

சுவரிலிருந்து வரும் மின்கம்பி பெட்டிக்குள் நுழைந்ததும், டிரான்ஸ்ஃபார்மரைத் தொடுவதற்கு முன்பே, ஒரு கிளை பிரிந்து நேராக அன்ஸ்விட்ச்டு சாக்கெட்டுக்குப் போய்விடுகிறது. செட் அணைந்திருந்தாலும் அதில் மின்சாரம் இருக்கும். மீதிக் கம்பி முன்பக்கத்து பவர் ஸ்விட்ச் வழியாகப் போகிறது. ஸ்விட்சைத் தாண்டியதும் இன்னொரு கிளை ஸ்விட்ச்டு சாக்கெட்டுக்கு, மற்றது டிரான்ஸ்ஃபார்மருக்கு. உங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செய்யும் அதே வேலைதான். இந்தச் சாக்கெட்டில் டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மருக்கு எந்தச் சுமையும் இல்லை.

அப்படியானால் அந்த 100 வாட் எதன் அளவு? முக்கியமாக, வழியில் இருக்கும் ஸ்விட்சின் அளவு. 120 வோல்ட்டில் 100 வாட் என்றால் முக்கால் ஆம்பியருக்குச் சற்று மேல். எந்த ஸ்விட்சும் தாங்கும். ஆனால் ஸ்விட்சை வாட்டுவது தொடர்ந்து ஓடும் மின்னோட்டம் அல்ல, போடும் நொடியில் பாய்வது. பெரிய ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் வடிகட்டி கெப்பாசிட்டர்கள் அப்போது வெறுமையாக இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பும் அந்த முதல் சில சுற்றுகளில் காந்தத்தால் திணறிவிடும். சில மில்லி நொடிகளுக்குப் பல பத்து ஆம்பியர்கள்கூட இழுபடலாம். ஒவ்வொரு முறையும் அந்தப் பாய்ச்சலில் ஸ்விட்சின் உலோக முனைகள் கொஞ்சம் கருகுகின்றன. அதனால்தான் டர்ன்டேபிள், ட்யூனர் (ரேடியோ மட்டும் உள்ள பெட்டி), கேசட் டெக் போன்ற பத்து இருபது வாட் சாதனங்களுக்கு மட்டும் இது பொருந்தும். இன்னொரு பவர் ஆம்ப்ளிஃபையரையோ சப்வூஃபரையோ அதில் மாட்டுவது, சராசரிக் கணக்கில் சரியாக வந்தாலும், ஸ்விட்சை மெல்லச் சாகடிக்கும் வேலை. பழைய ரிசீவர்களுக்கு மாற்று ஸ்விட்ச் கிடைப்பது எவ்வளவு பாடு என்பது ரிப்பேர் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். எண்ணுக்குப் பக்கத்தில் 'மொத்தம்' என்று இருந்தால், அந்த வகைச் சாக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான்.

இரண்டு வகை எதற்கு? ட்யூனர் ஆம்ப்ளிஃபையரோடு சேர்ந்தே அணையலாம், நஷ்டம் இல்லை. கேசட் டெக் அப்படியல்ல. பழைய டெக்கில் பாடும்போது ரப்பர் உருளை நாடாவை இரும்புத் தண்டின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும். திடீரென்று மின்சாரம் நின்றால் பல டெக்குகளில் உருளை விலகாமல் அப்படியே நிற்கும். இரவெல்லாம் நின்றால் ரப்பரில் பள்ளம் விழும். ரப்பர் சக்கரத்தால் தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள்களுக்கும் இதே கதி. இவற்றுக்கு அன்ஸ்விட்ச்டு.

ஆனால் இதே ஸ்விட்ச்டு சாக்கெட்டை வைத்து அந்தக் காலத்தில் ஓர் அழகான வேலை செய்தார்கள். சுவரில் ஆடியோ டைமர், டைமரில் ரிசீவர், ரிசீவரின் முதுகில் டெக். ரிசீவரின் ஸ்விட்சை 'ஆன்' நிலையிலேயே விட்டு, டெக்கின் டைமர் ஸ்விட்சை ரெக்கார்டில் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். குறித்த நேரத்தில் டைமர் மின்சாரத்தை விட்டதும் ரேடியோ பாடத் தொடங்கும், சில நொடிகளில் டெக் தானாகப் பதிவுசெய்யும். எந்தப் பெட்டிக்கும் மற்றதைப் பற்றி ஒன்றும் தெரியாது!

இந்தக் கூட்டு வேலை முழுக்க, அழுத்தினால் அழுந்தியபடியே நிற்கும் அந்த இயந்திர ஸ்விட்சை நம்பித்தான் இருந்தது. ரிமோட் வந்ததும் ஸ்விட்சின் இடத்தில் ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) 'ஸ்டான்ட்பை' நிலையும் வந்தன. அதன்பின் டைமர் மின்சாரம் கொடுத்தாலும் பல ரிசீவர்கள் விழிக்காமல் ஸ்டான்ட்பையிலேயே கிடந்தன. தயாரிப்பாளர்கள் ரிலே வழியாக ஸ்விட்ச்டு சாக்கெட்டைச் சில காலம் தொடர்ந்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். ஒரே மாடலை எல்லா நாட்டுக்கும் விற்கும்போது எந்த நாட்டுச் சாக்கெட்டைப் பொருத்துவது என்ற தலைவலியும் கூடவே இருந்தது. பிரிட்டனின் மூன்று கால் சாக்கெட் இந்தப் பின்பலகையில் எத்தனை இடம் பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செட்டை நம் ஊரில் வைத்திருப்பவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. சில மாடல்களில் 120, 220 என்று மாற்றும் திருகு இருக்கும். அதை 220-இல் வைத்தால் டிரான்ஸ்ஃபார்மரின் சுருள்கள்தான் மாற்றி இணைகின்றன. பின்பக்கத்துச் சாக்கெட்டுக்குச் சாதாரணமாக எந்த மாற்றமும் இல்லை. சுவரில் 230 வோல்ட் இருந்தால் அங்கேயும் 230. அமெரிக்க டர்ன்டேபிளை அதில் செருகினால் புகைதான் வரும். எர்த் இணைப்பும் அந்த இரண்டு துளைகளில் கிடையாது. மூன்று கால் சாதனத்தை அடாப்டர் போட்டு மாட்டுவது அதன் பாதுகாப்பைக் கழற்றி எறிவதற்குச் சமம்.

ஒரு சின்ன வேடிக்கை: செட் அணைந்திருக்கும்போதே, ஸ்விட்ச்டு சாக்கெட்டில் மாட்டிய எல்.இ.டி. விளக்கு மங்கலாக மினுக்குவதுண்டு. தீப்பொறியை அடக்க ஸ்விட்சின் குறுக்கே ஒரு சிறு கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். 0.01 மைக்ரோஃபாரட் என்றால், 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸில் அதன் வழியே அரை மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகக் கசியும். டர்ன்டேபிள் மோட்டாருக்கு அது தெரியவே தெரியாது. எல்.இ.டி.க்கு அதுவே போதும்.

உண்மையிலேயே தன் திறனைப் பகிர்ந்த ஆம்ப்ளிஃபையர்களும் இருந்தன. 1953-இல் வந்த பிரிட்டனின் குவாட் II வால்வ் ஆம்ப்ளிஃபையர், முன்னால் இருக்கும் கன்ட்ரோல் யூனிட்டுக்கும் ட்யூனருக்கும் தன்னுடைய மின்வழங்கியிலிருந்தே கேபிள் வழியாகச் சப்ளை கொடுத்தது. அங்கே ட்யூனர் எடுப்பது ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர் கணக்கில் சேரும். இன்றைய சில ஏ.வி. ரிசீவர்களின் பின்பக்கம் உள்ள 5 வோல்ட் யு.எஸ்.பி. துளை இந்த வம்சம், பழைய சாக்கெட்டின் வம்சம் அல்ல. டி.வி. ஸ்டிக்கை அதில் மாட்டலாம். அச்சிட்ட ஆம்பியருக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். ரிசீவர் ஸ்டான்ட்பைக்குப் போகும்போது அந்தத் துளையும் அணைகிற மாடலாக இருந்தால், படம் பார்க்க உட்காரும் ஒவ்வொரு முறையும் ஸ்டிக் முதலிலிருந்து பூட் ஆகும்வரை காத்திருக்க வேண்டும்.